கடிகாரக்காரர் செய்த தூண்டில்

தெமெங்கோர், கென்யிர் போன்ற நீர்த்தேக்கங்களில் தோமான் என்னும் பெருவிராலைத் தேடிப் படகேறுவோர் கையில் உள்ள தூண்டிலை உற்று நோக்கினால், அஃது ஆற்றங்கரையில் மூங்கிற்கழியும் தக்கையுமாக அமர்ந்திருப்பவரின் தூண்டில் அன்று என்பது உடனே விளங்கும். கோல் குட்டையானது. கோலின்மேல் பற்சக்கரம் வைத்த ஓர் உருளை. நூலின் முனையில் புழுவும் இல்லை, குஞ்சு மீனும் இல்லை. வண்ணந் தீட்டிய போலி மீன் ஒன்று தொங்கும். இக்கருவி தோமானுக்காகத் தோன்றியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பதற்காக ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக உருப்பெற்றது. அவ்வாறு உருப்பெறச் செய்தவர்களுள் மீனவர் மிகச் சிலரே. கடிகாரம் செய்பவர், துப்பாக்கி செய்பவர், தேனீ வளர்ப்பவர், ஆலை முதலாளி, கடைசல் வேலைக்காரர் ஆகியோரே பலர்.

தூண்டில் என்பது தமிழில் பழஞ்சொல். கோல், நாண், முள், இரை, தக்கை என அதன் உறுப்புகள் அனைத்துக்கும் நம் மொழியில் பெயர் உண்டு. பாணர் தூண்டிலிட்டு மீன் பிடித்த காட்சியைச் சங்கப் பாட்டுகளில் கண்டு மாணவர்க்கு விளக்காத தமிழாசிரியர் இலர். பழந்தமிழில் பெயர் காணாத உறுப்பு ஒன்றே ஒன்றுதான்: நூலைச் சுற்றி வைத்துக்கொள்ளும் உருளை. ரீல் என்று இன்று எல்லோரும் சொல்வது அதனையே. இங்கே நூலுருளை என்று வைத்துக்கொள்ளலாம். பாஸ் தூண்டிலின் வரலாறு பெரும்பாலும் இந்த நூலுருளையின் வரலாறேயாகும்.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். பாஸ் என்னும் பெயரில் கடல் மீன்களும் உள, அவை வேறு. இங்கே கருதப்படுவன பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்னும் இரண்டு நன்னீர் இனங்கள். இவற்றுக்கு 1802-இல் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு விலங்கியலறிஞர் லாசெபேது. அவர் கைக்குக் கிடைத்த மீனின் முதுகுத்துடுப்பு ஊறுபட்டுக் கிழிந்திருந்தது. பின்பகுதியில் தனித்து நின்ற துண்டினை இயற்கையான சிறு துடுப்பென்றே கருதி, சிறுதுடுப்பு என்னும் பொருளில் மைக்ரோப்டிரஸ் என்று பெயரிட்டார். பிழையிற் பிறந்த அப்பெயரே இன்றும் அறிவியலில் வழங்குகிறது! பெருவாய்ப் பாஸ் துரத்திச் சென்று இரை தேடுவதைவிடப் பதுங்கியிருந்து பாய்வதையே விரும்பும். நீர்ப்பூண்டு, விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் தூண் ஆகியவற்றின் நிழலில் நிற்கும். தவளையோ குஞ்சு மீனோ அருகே வந்தால் வாயை அகலத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். ஆகவே இதனைப் பிடிக்க விரும்புவோன் மூன்று காரியங்களைச் செய்தாக வேண்டும். மீன் அஞ்சாத தொலைவில் நிற்க வேண்டும். இரையை அந்த நிழலுக்கு ஒரு சாண் தள்ளியேனும் குறி தவறாமல் எறிய வேண்டும். கவ்விய மீன் பூண்டுக்குள் புகுந்து நூலைச் சுற்றிக்கொள்ளுமுன் வெளியே இழுக்க வேண்டும். இக்கருவியில் நேர்ந்த மாறுதல்கள் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றன் பொருட்டே நேர்ந்தன.

கெண்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே கடிகாரமும் வெள்ளிப் பொருளும் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் மீன்பிடிப்பதில் நாட்டமுடையவர். இங்கிலாந்திலிருந்து வந்த நூலுருளைகள் நூலைச் சேர்த்து வைக்க உதவினவேயன்றி, மென்மையான இரையை எறிய உதவவில்லை. சுமார் 1810-க்கும் 1820-க்கும் இடையே அவர் கடிகாரப் பற்சக்கரங்களைக் கொண்டு தம் கையாலேயே ஓர் உருளையைச் செய்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும். இரையை வீசினால் தடையின்றிச் சுழன்று நூலை விடும். அவரையடுத்து 1830-களில் பிராங்பர்ட் என்னும் ஊரில் ஜானத்தன் மீக், பெஞ்சமின் மீக் என்னும் உடன்பிறந்தார் அதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்தனர். அவர்களும் கடிகாரக்காரரே. இவ்வழியில் வந்த உருளைகளிற் சிலவற்றின் அச்சு முனைகளில், கைக்கடிகாரத்தில் வைப்பதுபோலவே, கற்கள் பதிக்கப்பட்டன. கெண்டக்கி உருளை என்று இவை புகழ் பெற்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே கையாற் செய்யப்பட்டமையால் விலை மிகுதி. வழக்கறிஞரும் நிலக்கிழாரும் வாங்கினரேயன்றி உழவர் வாங்கினாரல்லர்.

ஆனால் உருளை எளிதாகச் சுழலச் சுழலப் புதியதொரு தொல்லை பிறந்தது. கிணற்று இராட்டினத்தில் வாளியை வேகமாக விட்டவர்கள் இதனை அறிவார்கள். வாளி நீரைத் தொட்டு நின்றுவிடும். இராட்டினமோ ஓடிய வேகத்தில் இன்னும் கயிற்றைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். நூலுருளையிலும் அவ்வாறே. எறியப்பட்ட இரை முதலில் விரைந்து செல்கிறது. உருளையும் அவ்விரைவுக்கு ஏற்பச் சுழல்கிறது. காற்றின் தடையால் இரை தளர்கிறது, உருளை தளர்வதில்லை. இரை இழுக்கும் நூலைவிட உருளை விடும் நூல் மிகுந்து, சுருள்மேல் சுருளாகப் புடைத்துச் சிக்கிக்கொள்கிறது. குருவிக்கூடு என்று அந்நாட்டுத் தூண்டிற்காரர் இதனை எள்ளி நகையாடுவர். அவிழ்க்க அரைமணி நேரம் ஆகும். சில வேளை கத்திதான் துணை.

இதற்கு அக்காலத்தில் இருந்த ஒரே மருந்து தூண்டிற்காரனின் கட்டைவிரல். சுழலும் நூலின்மேல் விரலை மெல்ல வைத்திருக்க வேண்டும். அழுத்தினால் இரை முன்னே விழும், விட்டுவிட்டால் குருவிக்கூடு. எவ்வளவு அழுத்துவது என்பதை எந்த நூலாலும் கற்பிக்க இயலாது. தந்தை மகனுக்குக் காட்டலாம், அவ்வளவே. மகன் பல நாள் நூலைக் கெடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நூலைத் திரும்பச் சுற்றும்போதும் விரல்களுக்கு வேலை உண்டு: ஓரிடத்திலேயே குவியாமல் இடமும் வலமுமாக நூலைப் பரப்ப வேண்டும். இல்லையேல் அடுத்த வீச்சில் அக்குவியலே சிக்கலாகும்.

கோலின் கதை துப்பாக்கிக்காரரின் கதை. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் பிலிப்பி 1840-களில் மூங்கிலை நீளவாக்கில் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார். மூங்கிலின் வலிமை அதன் புறத்தோலில் இருக்கிறது. உள்ளே இருப்பது மென்மையான சதை. கீற்றுகளை முக்கோணமாகச் சீவித் தோல் வெளிப்புறமாக அமையும்படி ஒட்டினால், முழுமூங்கிலினும் மெல்லிய, வளைந்து நிமிரும் கோல் கிடைக்கும். அம்மூங்கில் இந்தியாவிலிருந்து சென்றது. கல்கத்தாத் துறைமுகம் வழியே சென்றமையால் கல்கத்தா மூங்கில் என்றே அங்கே அதற்குப் பெயர். பின்னர், சீனாவின் கான்டன் பகுதியிலிருந்து வந்த மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹைரம் லெனார்ட், அவரும் துப்பாக்கி செய்தவரே, ஆறு கீற்றுக் கோலைப் பெருமளவிற் செய்து பரப்பினார்.

இவையாவும் தனித்தனியே நடந்தன. கோல், உருளை, நூல் மூன்றும் ஒரே கருவியின் உறுப்புகள். ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும் என்பதை வற்புறுத்தி எழுதியவர் ஒரு மருத்துவர். டாக்டர் ஜேம்ஸ் ஹென்ஷல் 1881-இல் வெளியிட்ட பாஸ் மீன் பற்றிய நூல் இத்துறையில் முதல் நூல் எனத் தகும். அதற்கு முன்பு பாஸ் பிடிக்கச் சென்றோர் வேறு மீன்களுக்கென்று செய்யப்பட்ட நீண்ட, கனத்த கோல்களையே தூக்கிச் சென்றனர். அவர் 8 அடி 3 அங்குல நீளமுள்ள மெல்லிய கோலைப் பரிந்துரைத்தார். இன்று அதுவும் நீளமென்றே தோன்றும். அந்நூற்றாண்டு முடிவதற்குள் சிக்காகோ வட்டாரத்தில் 6 அடிக் கோலைத் தலைக்கு மேலாக வீசும் முறை பரவிவிட்டது. பக்கவாட்டில் வீசுவதைக் காட்டிலும் இதில் குறி தவறுவது குறைவு.

இனி இரை. உயிருள்ள குஞ்சு மீனையும் தவளையையும் கோத்து எறிந்த காலம் போய், மரத்தாற் செய்த போலி இரை வந்ததற்கு மிச்சிகன் மாநிலத்து ஜேம்ஸ் ஹெடன் காரணர். தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றவர். டொவாஜியாக் என்னும் ஊரில் ஆலைக் குளத்தருகே நண்பருக்காகக் காத்திருந்தவர், கையிலிருந்த கத்தியால் சும்மா சீவிக்கொண்டிருந்த மரத்துண்டை நீரில் எறிந்தாராம்; பாஸ் ஒன்று பாய்ந்து அதனை மேலே தூக்கியடித்ததாம். கதை எவ்வளவு மெய்யோ, அவர் 1890-களின் இறுதியில் மரத்தவளைகளைச் செதுக்கியதும், 1902 அளவில் அவருடைய குடும்பம் அதனைத் தொழிலாகவே நடத்தியதும் மெய். அதே மாநிலத்துக் கலமசூ நகரில் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பவர், நாடகாசிரியர் பெயரையே தாங்கியவர், 1897-இல் ஓர் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். திருகு வெட்டிய ஒரு தண்டின்மேல் சிறு வளையம் இடமும் வலமுமாக நகர்ந்து நூலைச் சமமாகப் பரப்பும். விரல்களின் வேலைகளுள் ஒன்றைக் கருவி இவ்வாறு வாங்கிக்கொண்டது.

இத்தகைய கருவிகளின் காலத்தில்தான் அமெரிக்காவில் பதிவான சாதனைகளுள் இன்றுவரை எடையில் விஞ்சப்படாத பாஸ் பிடிபட்டது. 1932 ஜூன் 2-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் மழை. வயலில் வேலை செய்ய இயலாத இருபது வயது உழவர் ஜார்ஜ் பெர்ரி, நண்பரொருவருடன் மான்ட்கமரி ஏரிக்குச் சென்றார். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய ஆண்டு அது. இருவருக்குமாகச் சேர்த்து அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு போலி மீன் என்பர். அதனைக் கவ்விய பெருவாய்ப் பாஸ் 22 ராத்தல் 4 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 10 கிலோ. நகரத்துக்கு எடுத்துச் சென்று எடை போட்டுச் சான்று பெற்றபின் வீட்டுக்குக் கொண்டு போனார். குடும்பம் அதனைச் சமைத்து உண்டது. ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் அம்மீனுக்காக அவர் பெற்ற பரிசு 75 டாலர் பெறுமான பொருள்கள். உலகச் சாதனை என்று பின்னாளில் போற்றப்பட்ட மீன், அன்று அவ்வீட்டாருக்கு இரண்டொரு வேளை உணவு.

கட்டைவிரலை முழுவதும் விடுவிக்கும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் கம்பளி நூலாலை நடத்தியவர் ஆல்பிரட் இல்லிங்வொர்த். ஆலையில் நூற்கண்டு அசையாமல் நிற்க, அதன் முனை வழியே நூல் உருவிக்கொண்டு ஓடுவதை அவர் நாள்தோறும் கண்டவர். தூண்டில் உருளையும் ஏன் சுழல வேண்டும்? 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற உருளை எறியும்போது நிலையாக நிற்கும். நூல் அதன் விளிம்பைத் தாண்டி நழுவி ஓடும். சுழலாத உருளைக்கு ஓடிய வேகமும் இல்லை, குருவிக்கூடும் இல்லை. ஓர் அவுன்சில் எட்டில் ஒரு பங்கே எடையுள்ள இரையையும் இதனால் எறியலாம். பின்னர் பிரான்சில் கடிகாரத் தொழிலுக்குப் பெயர்போன குளூஸ் பள்ளத்தாக்கில் செய்யப்பட்ட மிச்சல் உருளை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவெங்கும் பரவியது. இங்கும் கடிகாரம்!

இன்னும் வியப்பானது அடுத்தது. டெக்சஸ் மாநிலத்துக் கடிகாரக்காரர் ஆர். டி. ஹல், ஒரு கடையில் பொட்டலம் கட்டுபவர் நிலையாக வைத்த கண்டிலிருந்து நூலை உருவி இழுப்பதைப் பார்த்து, மூடிக்குள் அடங்கிய நிலையுருளை ஒன்றை எண்ணினார். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு வீசி, பொத்தானை விட்டால் போதும். அதனைச் செய்துதர அவர் அணுகிய நிறுவனம் துல்சா நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துவந்த ஜீரோ அவர் பாம் கம்பெனி. 1949-இல் முதல் உருளை வெளிவந்தது. அந்நிறுவனமே பின்னர் தன் பெயரின் முதலெழுத்துகளை இணைத்து ஜெப்கோ ஆயிற்று. ஐசன்ஹோவர் அதிபராக இருந்தபோது அவருக்கு இந்நிறுவனத்திலிருந்து ஓர் உருளை சென்றதாகவும், உறையின்மேல் வெடிகுண்டுக் கம்பெனியின் பெயரைக் கண்ட காவலர் அதனை நீர் வாளியில் போட்டுவிட்டதாகவும் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ஸ்னைடரின் உருளை பல நாள் பயிற்சியுடைய பெரியவர்க்கு உரியது. ஹல்லின் உருளை ஏழு வயதுக் குழந்தைக்கும் அரைமணியில் கைவந்தது. குறைந்த விலைக்கும் கிடைத்தது.

அதே ஆண்டுகளில் பொருள்களும் மாறின. பட்டு நூலை ஒவ்வொரு நாளும் வெயிலில் உலர்த்தாவிட்டால் இற்றுப்போகும்; 1938-இல் அறிவிக்கப்பட்ட நைலான் அத்தொல்லையைத் தீர்த்தது. போர்க்காலத்தில் ஆர்தர் ஹவல்ட் என்னும் அறிவியலர் முறிந்த மூங்கில் முனைக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் ஒன்று செய்து பார்க்க, போர் முடிந்ததும் கண்ணாடியிழைக் கோல்கள் விற்பனைக்கு வந்தன. 1950-இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை விதித்து மூங்கில் வரத்து நின்றது. மூங்கிற் கோலின் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். 1970-களில் கரியிழைக் கோல் வந்தது.

இவ்விடத்தில் தோட்டத்து மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று. ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரம் உலகத்தின் இரப்பர்த் தலைநகர் என்று பெயர் பெற்றது. மலாயாத் தோட்டங்களில் நம்மவர் விடியற்காலையில் சீவிய பால், தகடாகிக் கப்பலேறி, அங்குள்ள டயர் ஆலைகளை அடைந்தது. அந்நகரில்தான் நிக் கிரீம் என்னும் கடைசல் வேலைக்காரர் 1949-இல் தம் மனைவியுடன் வீட்டு அடுப்பிலேயே வினைல் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி அச்சில் வார்த்து முதல் பிளாஸ்டிக் மண்புழுவைச் செய்தார். இரப்பர்ப் புழு என்று பலர் இன்னும் சொல்வர். அதில் இரப்பர் சிறிதும் இல்லை. மரமீன் ஓடினால்தான் மீன் பாயும். இப்புழுவோ ஏரியின் அடியில் அசைந்து கிடந்தாலே போதும். வாயிற் கொண்டால் மெத்தென்றிருப்பதால் மீன் உடனே உமிழ்வதும் இல்லை.

இவ்வளவையும் ஒருவர் கடையில் ஒருங்கே காணும்போது எதனைத் தேர்ந்தெடுப்பது? வரலாறு தெரிந்தவருக்கு விடை கடினமன்று. தேர்வு உருளையிலிருந்து தொடங்குவதில்லை, இரையின் எடையிலிருந்து தொடங்குகிறது. கால் அவுன்சும் அதற்குக் குறைவுமான இரை என்றால் இல்லிங்வொர்த் வழிவந்த நிலையுருளையே தக்கது. மெல்லிய இரைக்குச் சுழலுருளையைச் சுழற்றும் வலு இராது. முக்கால் அவுன்சு மரமீனுக்கும், பூண்டுக்குள் எறியும் இரைக்கும் ஸ்னைடர் வழிவந்த சுழலுருளை வேண்டும். அதன் வலிவும் குறியும் மற்றதற்கு வாரா. கோலின் கைப்பிடிக்கு மேலே எவ்வளவு எடையுள்ள இரை, எத்தனை ராத்தல் தாங்கும் நூல் என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலோர் படிப்பதேயில்லை. புதிதாகத் தொடங்குவோர் செய்யும் பெருந்தவறு, பெரிய மீன் கிடைக்குமென்று எண்ணி மிக வலிய நூலை வாங்குவது. தடித்த நூலில் மெல்லிய இரை தொலைவு செல்லாது. தெளிந்த நீரில் மீனின் கண்ணுக்கும் படும். தெளிந்த திறந்த நீருக்கு 6 அல்லது 8 ராத்தல் தாங்கும் நூலே போதும். அடர்ந்த பூண்டிலோ 50 ராத்தல் பின்னல் நூலும் மிகையன்று.

கோலின் வளைவும் முள்ளைப் பொறுத்தது. மும்முனை முட்களுடன் ஓடும் மரமீனுக்கு இளகிய கோல் வேண்டும். விறைத்த கோல், மீன் துள்ளும்போது அச்சிறு முட்களைப் பிய்த்துவிடும். பிளாஸ்டிக் புழுவில் முள் உள்ளே புதைந்திருக்கும். அது புழுவையும் துளைத்து மீனின் தாடையையும் துளைக்க வேண்டுமாதலின் விறைத்த கோல் வேண்டும். நூல் இழுபடும்போது உருளை விட்டுக்கொடுக்கும் அளவை, நூல் தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்கோ மூன்றில் ஒரு பங்குக்கோ திருகி வைப்பது பழகியவர் வழக்கம். சுவீடனில் கடிகார ஆலையாகத் தொடங்கிய அபு நிறுவனத்தின் உருளையில் 1950-களிலேயே குருவிக்கூட்டைத் தடுக்கும் தடை உள்ளே அமைந்திருந்தது. பிற்காலத்தில் காந்தத் தடையும் வந்தது. ஆயினும் சுழலுருளை வாங்குவோர் கட்டைவிரற் பழக்கத்தைக் கைவிடலாகாது. எதிர்க்காற்றில் எந்தத் தடையும் விரலுக்கு நிகராவதில்லை.

மீனுக்கு வந்த இடர் இங்கேதான் தொடங்குகிறது. 1930-கள் முதல் தென்மாநிலங்களில் அணைகள் பல எழுந்து பெரும் நீர்த்தேக்கங்கள் தோன்றின. 1957-இல் கார்ல் லோரன்சும் அவர் மைந்தரும் ஒலியலையால் மீன் இருக்குமிடம் காட்டும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். எறியும் திறன் உருளைக்குச் சென்றதுபோல, இடமறியும் திறனும் பெட்டிக்குச் சென்றது. 1967-இல் அலபாமாவைச் சேர்ந்த காப்புறுதி விற்பனையாளர் ரே ஸ்காட், ஆர்க்கன்சாவின் பீவர் ஏரியில் பாஸ் பிடிக்கும் போட்டி ஒன்றை நடத்தினார். அதனையொட்டி ஒரு சங்கமும் அமைத்தார். 1971-இல் அச்சங்கத்தின் முதல் இறுதிப் போட்டிக்கு 24 பேர் விமானத்தில் ஏறினர். எந்த ஏரி என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. பறக்கும்போதுதான் நெவாடாவின் மீட் ஏரி என்று அறிவித்தனர். ஒவ்வொருவரும் கொண்டுவரலாகும் தூண்டிற் பொருள்கள் 10 ராத்தலுக்கு மேற்படக்கூடாது என்பது விதி. கருவி பெருகிவிட்ட காலத்தில் குறைத்துத் தேர்வதே திறமை என்றாயிற்று.

போட்டிகள் பெருகவே, செத்த மீன்களைக் கொத்தாகத் தூக்கிக் காட்டும் வழக்கத்தை மக்கள் வெறுத்தனர். 1972 முதல் ஸ்காட் தம் போட்டிகளில் மீனை உயிரோடு கொணர்ந்து, எடை பார்த்து, நீரிலேயே விடும் முறையை வற்புறுத்தினார். படகுக்குள் காற்றூட்டிய நீர்த்தொட்டி வந்தது. பெர்ரியின் குடும்பம் கேட்டிருந்தால் நகைத்திருப்பர்.

பெர்ரியின் எடையை எட்டிப் பிடித்த மீன் எதுவும் அமெரிக்காவில் சாதனையாகப் பதிவாகவில்லை. 1925-இல் ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்ட பெருவாய்ப் பாஸ் அங்கே பெருகிப் பரவி, பீவா ஏரியையும் அடைந்தது. அவ்வேரியில் 2009 ஜூலை 2-ஆம் நாள் மனாபு குரித்தா பிடித்தது 22 ராத்தல் 4.97 அவுன்சு. பெர்ரியினும் ஓர் அவுன்சுக்குச் சற்றுக் குறைவான மிகுதி. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்சேனும் கூடுதல் வேண்டும் என்பது உலக விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதியாதலின், இருவரும் சமம் என்று பதிவாயிற்று. பீவா ஏரியின் பழைய மீன்களை அயல்நாட்டுப் பாஸ் தின்றழிப்பதைக் கண்ட ஷிகா மாவட்ட அரசு, குரித்தா மீன் பிடிப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 2003-இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. அங்கே பாஸ் பிடிப்பவர் அதனை மீண்டும் நீரில் விடக்கூடாது. ஏரிக்கரையில் அதற்கென்று பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.